ஈரத்துண்டுக்கு அடியில் ஒரு பல்சக்கரம்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் சுகுமாறனுக்கு ஒதுக்கப்பட்டிருந்த தலையாய பொறுப்பு, பெட்டியின் மூடியைத் திறப்பது. முதுகலை மாணவன். சொந்த ஊர் பெக்கோக்கிலிருந்து அவன் அம்மா அங்கம்மா போன் செய்து, "பீங்கான் படிக்கிறேன்னா என்னப்பா, டாய்லெட் செய்வியா?" என்று கேட்பார். "அதுக்குத் தம்பி முறைம்மா" என்று சமாளிப்பான்.

வெள்ளை அலுமினாப் பொடியைக் கூழாகக் கரைத்து, உறையவைக்கும் மருந்தைச் சேர்த்து, அச்சில் ஊற்றினால் அகார் அகார் ஜெல்லி போல உறையும். அச்சைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பல்சக்கரம், ரப்பர் பதத்தில். காய்ந்ததும் சூளைக்குப் போகும். ஊற்ற இரண்டு பேர் வேண்டும்: கலக்க ஒருவர், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட ஒருவர். சுகுமாறன் கலக்கினான், உடன் படிக்கும் விசாலி விட்டாள். குவளை வெதுவெதுக்கத் தொடங்கினால் உடனே ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் குவளையே அச்சாகிவிடும். அவள் குவளையைத் தொட்டுப் பார்த்து, "சூடு ஏறுது, ஊத்து லா!" என்று கத்துவாள். அந்தக் கத்தலுக்காகத்தான் அவன் தினமும் சவரம் செய்துகொண்டான்.

கண்டம் காயவைப்பதில் இருந்தது. காலி ஐஸ் பெட்டிக்குள் சக்கரத்தை வைத்து, ஈரத்துண்டு போர்த்தி, மூடியை நாளுக்கு ஒரு விரற்கடை மட்டும் விலக்க வேண்டும். அவசரப்பட்டால் ஏர்கோன் காற்று பட்டு விரிசல் விழும். இதுவரை ஊற்றியதெல்லாம் விரிசல் விட்டிருந்தது. பேராசிரியர் டாக்டர் காசிவிஸ்வநாதன் ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு புதிய கோட்பாடு சொன்னார். விரிசல்கள் எதையும் மதிக்கவில்லை.

"இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா என் வேலை முடிஞ்சுது," என்றாள் விசாலி, சமீபத்திய சக்கரத்தை அச்சிலிருந்து எடுத்துக்கொண்டே. "சிங்கப்பூர்ல வேலை குடுத்த கம்பெனிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"வரலைன்னா?"

"இன்னொன்னு ஊத்தணும். இன்னும் ஒரு மாசம் உன் மூஞ்சியப் பாக்கணும்."

"அவ்ளோ கொடுமையா?"

"ஐயோ அலமாக், உங்க வீட்ல கண்ணாடியே இல்லையா?"

அப்போது அவள் அப்பாவின் போன் வந்தது. பேசுவதற்காகக் கையுறையைக் கழற்றினாள். சிங்கப்பூரில் அறை பார்த்தாகிவிட்டது என்று அவர் உரக்கச் சொன்னது சுகுமாறனுக்கும் கேட்டது. "சரிப்பா, சரிப்பா" என்றபடியே சக்கரத்தின் மேற்புறத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். காற்றுப் பட்ட பக்கம் சரியாக உறையாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். அதைத் தொடக்கூடாது என்று அவளே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. சுகுமாறன் பெட்டிமுன் உட்கார்ந்தான். கெட்டவன் ஆவதற்கு அன்று அதிகம் பாடுபட வேண்டியதில்லை. துண்டை எடுத்துவிட்டு மூடியை முழுக்கத் திறந்தால் போதும். மிச்சத்தை ஏர்கோன் பார்த்துக்கொள்ளும். டாக்டர் புதிய கோட்பாடு சொல்வார். அவள் இன்னும் ஒரு மாதம் கத்துவாள்.

மூடியைத் திறந்தான். துண்டை விலக்கினான். சக்கரத்தின் மேல், அவள் பெருவிரல் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. விரிசல் விழுந்தால் அந்த ரேகைக்குக் குறுக்கே விழுமா என்று யோசித்தான். டாக்டருக்கே தெரியாது.

துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து மறுபடியும் போர்த்தி, ஒரு விரற்கடை மட்டும் விட்டு மூடியை மூடினான்.

போன் அடித்தது. விசாலி.

"மூடியத் தொறந்தியா?"

"ஒரு விரற்கடைதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."



"நல்லது லா," என்றாள்.

அந்த நல்லதில் நல்லது எவ்வளவு இருந்தது என்று அன்று முழுக்க யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை.

சக்கரத்தில் விரிசல் விழவில்லை. விசாலி பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போனாள். சூளையிலிருந்து வந்ததை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு கீறல் இல்லப்பா! ஆமா, இதென்ன ரேகை? அரைச்சுத் தட்டையாக்கிடு. ஜர்னல்காரன் பார்த்தா நம்மளக் கைநாட்டுன்னு நெனப்பான்."

"சரிங்க டாக்டர்."

சுகுமாறன் அரைத்தான். அடிப்பக்கத்தை அரைத்தான். படம் எடுக்கும்போதும் அந்தப் பக்கத்தைத்தான் மேலே வைத்தான்.

ரேகைப் பக்கத்தைப் படம்பிடித்து விசாலிக்கு மட்டும் அனுப்பினான். உடனே கூப்பிட்டாள்.

"என் வெரலா இது? சின்னப்புள்ள வெரல் மாதிரி இருக்கு."

"சூளையில எல்லாம் சுருங்கும்."

"சரி, இப்ப மருந்து யாரு விடுறா?"

அவனுடைய ஆய்வுக்கு இன்னும் நிறைய ஊற்ற வேண்டியிருந்தது. மேசையில் அன்றைய கூழ், குவளையோடு குவளையாகக் கல்லாகியிருந்தது. கரண்டி அதில் நிமிர்ந்து நின்றது.

"நானேதான். ஒரு கையால கலக்கி, ஒரு கையால விடுறேன்."

"சூடு ஏறுறத எந்தக் கையால பாப்ப? ஒரு ஆளால முடியாதே அது."

"முடியல," என்றான் சுகுமாறன்.