இடப்பக்க ஸ்பீக்கர்

என் வயரிங் கடைக்கு எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாகப் பட்டரி வயரைக் கழற்றிவிடுவேன். மன்னார் உப்புக் காற்றில் எந்த வயர் எங்கே தோலுரிந்து கிடக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டு முறை கை சுட்டுக்கொண்டவன் நான். சந்தியோகு அண்ணையின் மீன் விற்கும் வான் கடை வாசலில் வந்து நின்றபோதும் அப்படித்தான், கழற்றிவிட்டுத்தான் என்ன பழுது என்று கேட்டேன்.

தொண்டையில் ஒப்பரேஷன் செய்ததிலிருந்து அண்ணைக்குப் பேச்சு இல்லை. மனைவி றஞ்சிதம் அக்காதான் சொன்னார்.

"இடப்பக்க ஸ்பீக்கர் கரகரக்குது தம்பி. ஒப்பரேஷனுக்குப் போன அண்டு காலமை இவர் கூவிப் பதிஞ்சவர். அதைப் போட்டுத்தான் வங்காலையில இருந்து முருங்கன் மட்டும் மீன் விக்கிறம். இவரின்ர குரல் கேட்டாத்தான் சனம் வாசலுக்கு வரும்."

"ஓம், ஓம், பாப்பம்" என்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

டோர்ச் பட்டரி ஒன்றை ஸ்பீக்கரில் தொட்டுப் பார்த்தேன். 'டக்' என்றது. ஸ்பீக்கர் நல்லது, வயரில்தான் பிழை. கதவோரம் டேப் சுற்றிய மூட்டு ஒன்று பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது.

"எந்த மடையன் இப்பிடிச் சுத்தினவன்?" என்று கத்தினேன்.

அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டிச் சுரண்டி ஈயம் வைத்தேன். பட்டரியை மாட்டிவிட்டு, பதிவு இருக்கும் பெட்டியின் பொத்தானை அமத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை அமத்தினேன். அப்போதுதான் அந்தப் பெட்டியின் வயர் நேராகப் பட்டரிக்குப் போவதைப் பார்த்தேன். மலிவுப் பெட்டி, மின் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம்.

"அக்கா, போனில கீனில பதிஞ்சு வச்சிருக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி. ஏன்?"

"பட்டரியைக் கழட்டினதில அழிஞ்சு போச்சு அக்கா. நான்தான் கழட்டினனான்."

என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருந்தது. அண்ணை என்னைத் தள்ளிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தபடி பொத்தானை அமத்தினார். ஐந்தாறு முறை அமத்தினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியோடு கிடந்த மைக்கை எடுத்தார். "மீன் பழுதாப் போகுது. நான் கூவுறன், வாங்கோ."

"மீன்... வங்காலை மீன்..."

கரகரப்பே இல்லை. இவ்வளவு சுத்தமாக நான் எந்த வண்டிக்கும் செய்து கொடுத்ததில்லை. அண்ணை கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார். அக்கா திரும்பவும் வாயெடுக்க முன், அவரே பெட்டியை நிறுத்திவிட்டு வானை எடுத்தார்.