அத்தானின் வலது கை

அவளுடைய அக்குபங்சர் சிகிச்சை நிலையம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு திரை, சுவரில் உடம்பின் புள்ளிகளைக் காட்டும் படம், வாசலருகே காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. முட்டி வலி, கழுத்துப் பிடிப்பு, தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். வலி குறைகிறதோ இல்லையோ, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாள் என்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு. முறையாகப் படித்துத் தேறியவள்தான். ஆனாலும் வீட்டில் அவள் தொழிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அக்காவின் கணவர் ஒருவர்தான் நிலையம் திறந்த நாளிலிருந்தே அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார். பாதி கிண்டல், பாதி பெருமை. அந்தப் பாதிப் பெருமை போதுமாக இருந்தது அவளுக்கு.

அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் மேஜைக்கும் அளந்து வெட்டிக் கொடுப்பார். கட்டரால் ஒரு கோடு இழுத்து, அடியில் மெல்லத் தட்டினால் போதும், கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். அந்தக் கையை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் அவர் படியேறி வந்தபோது, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார், வேறு யாருடைய கையையோ தூக்கி வருவதுபோல. முகத்தில் வழக்கமான சிரிப்பு.

"டாக்டரம்மா, இந்தக் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இப்பதான் ஒரு கண்ணாடி நழுவிச் சுக்குநூறாப் போச்சு."

சொற்கள் நாக்கில் இடறி, கொழகொழவென்று வந்தன. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது. வாயின் வலது ஓரம் சற்றே இறங்கியிருந்தது.

அவளுக்குத் தெரியும். படிக்கும்போது முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் ஊசிப் பெட்டியைத் திறக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தேர்வில் இதையே எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

"அத்தான், ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரலாமா?" என்றாள்.

"அங்க போனா ஆளைப் படுக்கப் போட்டுருவாங்க. வீட்லயே டாக்டரை வச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளிய போகணும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்மணிகளும் சிரித்தார்கள். அதில் தையற்கடை வைத்திருக்கும் பெண், "நல்லா கேட்டீங்க சார். இவங்க கை ராசியான கை. என் கழுத்தை நிமித்தினதே இவங்கதான்" என்றாள்.

அந்த நேரத்தில் அவள் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். குரலை உயர்த்தியிருக்கலாம். ஆனால் பெஞ்சிலிருந்து இரண்டு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "எனக்கு இது முடியாது" என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, ஊசிகளைப் பிரித்தாள்.

ஊசிகளை எடுக்கும் நேரத்துக்கு முன்பே அத்தான் விரல்களை அசைத்தார். பிறகு அவற்றை மடக்கி முஷ்டி பிடித்தார். எழுந்து உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, பெஞ்சைப் பார்த்து ஆட்டினார். பேச்சும் தெளிந்திருந்தது.

"பாத்தீங்களா? இதான் எங்க டாக்டரம்மா!"

தையற்கடைக்காரி கையே தட்டிவிட்டாள். டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அத்தான் போன பிறகு அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அக்கா கொஞ்சம் பயந்தாள். "எதுக்கும் ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டிரலாமாடி?"

"எதுக்குக்கா? அதான் சரியாயிடுச்சே. நான் இருக்கேன்ல?"

"சரி, நீ சொன்னா சரி" என்று அக்கா போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் அத்தான் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முயன்று அப்படியே தரையில் சரிந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சே இல்லை. செய்தி கேட்டு அவள் மருத்துவமனைக்கு ஓடியபோது, அக்கா தாழ்வாரத்தில் வேறு வேறு ஜோடிச் செருப்புகளைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

ஸ்கேன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். இளவயதுதான், கண்களில் தூக்கமில்லை.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. தூக்கத்துலயே வந்திருக்கறதால எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியலை. கட்டியைக் கரைக்கற மருந்தை இப்ப குடுக்க முடியாத நிலைமை. இதுக்கு முன்னாடி அவருக்கு இப்படி ஏதாவது வந்துச்சா? கை மரத்துப்போறது, பேச்சு குழர்றது?"

அவள் சுவரோரமாக ஒதுங்கினாள். அக்காவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று சொன்னாள்.

"வந்துச்சு டாக்டர், நேத்து மத்தியானம். என் தங்கச்சிதான் ஊசி போட்டு அரை மணி நேரத்துல சரி பண்ணினா. இதோ, இவதான். இப்பவும் இவளை உள்ள விட்டீங்கன்னா..."

அக்கா அவள் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். பெருமையோடுதான் நகர்த்தினாள். அந்த நொடியில் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு. டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அம்மா, நேத்து வந்தது எச்சரிக்கை" என்று அக்காவிடம் நிதானமாகச் சொன்னார். "சின்னக் கட்டி ஒண்ணு கொஞ்ச நேரம் அடைச்சிட்டுத் தானா விலகிடும். கை சரியாயிடும், பேச்சு வந்துரும். ஊசி போட்டாலும் சரியாகும், போடாட்டியும் சரியாகும். ஆனா பெரிசு ஒண்ணு பின்னாலயே வரலாம்னு அர்த்தம். நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்துத் தடுக்கப் பாத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாமா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு நிறைய இருந்துச்சு."

அக்காவின் கை அவள் தோளிலேயே இருந்தது. டாக்டர் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்க, அந்தக் கை கனமில்லாமல் ஆகி, பிறகு விலகியது. அக்கா எதிர் வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அக்கா ஏதாவது வேலை இருப்பதாக எழுந்து போனாள். சாப்பாடு கொண்டுபோனால், "வச்சிட்டுப் போ" என்பாள், முகத்தைப் பார்க்காமல். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே அத்தானைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள் அவள். உள்ளே போய் அவர் கண்ணில் பட தைரியம் இல்லை.

சிகிச்சை நிலையத்தைச் சில நாள் பூட்டியே வைத்திருந்தாள். மறுபடி திறந்த அன்று பெஞ்சு நிரம்பி, படியிலும் ஆட்கள் நின்றார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தையற்கடைக்காரி துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் ஆளாக ஒரு வேன் ஓட்டுநர் தன் மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார். "நேத்து ராத்திரி சாப்பிடும்போது கொஞ்ச நேரம் வாய் கோணி, தட்டைத் தவறவிட்டார். இப்ப நல்லாத்தான் இருக்கார். நீங்க வாதத்தையே ஊசில விரட்டிருவீங்களாமே, அதான் நேரா இங்க கூட்டிட்டு வந்தேன்."

பெரியவர் அவளைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார். அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

"பாக்க மாட்டேன்! நான் யாரையும் சரி பண்ணலை!" குரல் உடைந்து கீச்சென்று வந்தது. படியில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "எங்க அத்தானுக்கும் இதேதான் வந்துச்சு. தானா சரியாச்சு. நான் சரி பண்ணின மாதிரி நடிச்சேன். மறுநாள் காலைல கை கால் விழுந்து, இன்னிக்கும் பேச்சு வராம படுத்திருக்கார். அனுப்பணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பலை. போதுமா? கிளம்புங்க!"

வேன் ஓட்டுநர் மாமனாரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே இறங்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அன்றும் வந்திருந்த தையற்கடைக்காரி மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "நான்தான் கை தட்டினேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் போன பிறகு அவள் திரையை இழுத்துவிட்டுக் காலிக் கட்டிலில் முகம் புதைத்துப் படுத்துக் கிடந்தாள்.

அத்தான் வீடு திரும்பினார். தினமும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வந்து பயிற்சி கொடுத்தாள். கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றத் தொடங்கியது. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்லாகத் திரும்பியது. ஆனால் வலது தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. கையைத் தொட்டாலே அலறுவார். பயிற்சி நேரம் வந்தால் கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல் பாசாங்கு செய்வார். கடைக்கு வந்த கண்ணாடி வேலைகளை அக்காவே அரைகுறையாகப் பழகிக்கொண்டு செய்தாள். விரலெல்லாம் பிளாஸ்திரி.

ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவள் எடுத்ததும் அக்கா ஒரே மூச்சில் பேசினாள்.

"தோள் வலிக்கு அக்குபங்சர் ஊசி போட்டுப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னார். சிலருக்கு வலி குறையுதாம். மாத்திரையையும் பயிற்சியையும் விடக்கூடாது, ரத்தம் உறையாம இருக்க மருந்து ஓடுது, அதனால பாத்துப் பண்ணணும்னார். வேற யாரையாவது கூப்பிடலாம்னேன். இவர் உன்னைத்தான் கேக்கறார். அவர் கேக்கறதால கூப்பிடறேன். நான் கேக்கலை."

"சரிக்கா."

அத்தான் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்தது. அவளைக் கண்டதும் வாய் ஒரு பக்கமாக விரிந்தது.

"டா... டாக்..."

"அப்படிக் கூப்பிடாதீங்க அத்தான்."

ஊசிகளை எடுத்து வைத்தாள். ஒன்று கீழே விழுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இதைச் சொல்லாமல் அவர் உடம்பைத் தொடக்கூடாது என்று தோன்றியது.

"அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ரெண்டு பேர் முன்னாடி கௌரவம் போயிருமேன்னு பேசாம ஊசி போட்டேன்."

அத்தான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினார். "நான்... தானே... போக... மாட்டேன்னேன்."

"நீங்க தெரியாம சொன்னீங்க. நான் தெரிஞ்சே கேட்டுக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணில்லை."

சமையலறைப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. அத்தான் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அவள் பக்கமாக மடியில் வைத்தார். வலியில் முகம் சுளித்தது. அவள் கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள்.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. சில வாரங்களில் கையைத் தொட விட்டார். பிறகு தோள் மட்டம்வரை தூக்க விட்டார். வலி தணிந்ததும் பயிற்சிக்குப் பாசாங்கு செய்வது குறைந்தது. "ஊசி உதவுதா, என் பயிற்சி உதவுதா?" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்தபடி கேட்டபோது, "உங்களோடதுதான். நான் வலியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்தி வைக்கறேன், அவ்வளவுதான்" என்றாள். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. யாராவது பாராட்டிவிடுவார்களோ என்று இப்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

அத்தான் டம்ளரைப் பிடிக்கக் கற்றார், பொத்தான் போடக் கற்றார். கட்டரைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் கடையில் உட்கார்ந்து அளவு சொல்வார், அக்கா வெட்டுவாள். தப்பாக வெட்டினால் இவருக்குக் கோபம் வரும், ஆனால் கோபத்துக்கு ஏற்ற வேகத்தில் சொல் வராது. அதற்குள் அக்கா அடுத்த கண்ணாடியை எடுத்துவிடுவாள்.

ஒரு மாலை அவள் சிகிச்சையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். அத்தனை மாதத்தில் அது முதல் முறை.

"உன்மேல இருக்கற கோபம் போகலை" என்றாள்.

"போக வேண்டாம்கா."

"நடுவுல பேசாதே." அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நீ முதல் தடவை ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி அவர் டீ குடிக்கும்போது கப்பு கையில ஆடுச்சு. நான் பாத்தேன். உனக்குப் போன் பண்ணலாமான்னு நினைச்சேன். நீதான் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டியேன்னு விட்டுட்டேன். டாக்டர்கிட்ட இதைச் சொல்லலை. உன்கிட்டயும் சொல்லலை. எல்லாப் பழியும் உன் தலைல இருக்கட்டும்னு இத்தனை நாள் பேசாம இருந்தேன்."

"உன் தப்பு இல்லைக்கா" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அத்தான் தன்னிடம் அதுபோலச் சொன்னபோது தனக்கு எவ்வளவு எரிந்தது என்பது நினைவுக்கு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்காவும் அவளைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அத்தான் யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்திருக்கப் பார்க்கிறார்.

"இருங்க, வரோம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அக்கா இடது பக்கம் பிடித்தாள், அவள் வலது பக்கம்.