அழைப்பு மணிக்கு இரண்டு நிமிடம்

அந்த ஹோட்டலில் குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதற்கென்றே பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்தவள்தான் நம் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் எல்லாம் இல்லை. பெரிய பெரிய ஹோட்டல்களுக்குச் சாதாரண விருந்தாளி மாதிரி போய்த் தங்கி, தின்று, குளித்து, தூங்கி, எங்கெங்கே என்னென்ன சரியில்லை என்று ஒரு கம்பெனிக்கு ரகசியமாக எழுதி அனுப்புவது அவள் வேலை. முதலாளிமார் கேட்டு வாங்கும் அறிக்கைதான். ஆனால் யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பது ஹோட்டலில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இன்ஸ்பெக்டரம்மா என்ற பட்டம் புருஷன் கொடுத்தது. பதினாறு வருஷமாக வீட்டில் அந்தப் பெயர்தான் ஓடுகிறது.

தனியாக ஒரு பெண் நோட்டும் பேனாவுமாகத் திரிந்தால் எவனுக்கும் மூக்கில் வியர்த்துவிடும் இல்லையா? அதனால் இரண்டு வருஷமாகப் புருஷனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, ராத்திரி ஒன்று. யாராவது கேட்டால் முப்பதாவது கல்யாண நாளைக் கொண்டாட வந்திருப்பதாகச் சொல்லுவார்கள். இதுவரை ஒன்பது ஹோட்டலில் ஒன்பது தடவை அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள் வந்துவிட்டது.

இந்தத் தடவை பதினாலாம் மாடி. கதவைத் திறந்ததும் அவர் மெத்தையில் தொப்பென்று விழுந்தார்.

"அடேயப்பா! இதுல படுத்தா எழுப்புறதுக்கு கிரேன்தான் வரணும்."

"எழுந்திருங்க, எழுந்திருங்க! தலையணையை நான் இன்னும் பார்க்கலை. முடி கிடி கிடந்தா, அது உங்க முடியா அடுத்தவங்க முடியான்னு எப்படித் தெரியும்?"

அவர் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "எனக்கு ஏதும்மா முடி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் விரல் விளக்கின் தலையில் தூசி தேடப் போய்விட்டது. குழாயைத் திறந்து வெந்நீர் வர எத்தனை நொடி என்று எண்ணினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தாள். அவர் பாட்டுக்குத் தொட்டியில் நீரை நிரப்பி, நுரையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தார். மறுநாள் காலையில் சாப்பாட்டு அறையில் மூன்று தட்டு வாங்கினார். நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதந்தபடி, "ஒரு காலையாவது தண்ணியில வையேன்" என்று கூப்பிட்டார்.

"எனக்கு வேலை இருக்கு" என்றாள். குளத்துக் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து போய் நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு நீராவி அறை. அந்த அறைச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். உள்ளே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அழுத்த வேண்டியது. அழுத்தினால் வெளியே மேஜைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியும். இரண்டு நிமிஷத்துக்குள் ஆள் வந்தாக வேண்டும். அது ஹோட்டலின் சட்டம். வருகிறார்களா என்று பார்ப்பது அவள் கடமை. ஆண்கள் பக்கம் அவள் போக முடியாது, ஆகவே அழுத்துகிறவர் அவர்.

போன மாசம் வேறொரு ஹோட்டலில் இதே மாதிரிப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "மூச்சு முட்டுதும்மா" என்று டவலோடு வெளியே வந்து நின்றார் மனுஷன். சோதனை வீணாய்ப் போயிற்று. அறிக்கையில் இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி என்று கம்பெனியில் கேட்டுவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் அவள் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தவள், "ஒரு கதவுக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா உட்கார வக்கில்லாத மனுஷன்" என்றாள். அவர் எழுந்து போய்த் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அதனால் இன்று தாழ்வாரத்தில் நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"பதினொண்ணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போங்க. சரியா பதினொண்ணுக்கு அழுத்துங்க. ஒரே ஒரு தடவைதான். ரெண்டு தடவை அழுத்தினா டெஸ்ட் செல்லாது."

"சரி."

"ஆள் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் வெளியே வரக்கூடாது."

"சிக்னல் விழாம வண்டியை நகர்த்தின ஆளாம்மா நான்?"

"போன மாசம் நகர்த்தினீங்களே."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. உடனே சிரித்துச் சமாளித்தார். "இந்தத் தடவை நகராது. நீ எங்கே இருப்பே?"

"நான் மசாஜுக்குப் போறேன்."

அது பொய். அவள் வெளியே சோபாவில்தான் உட்காரப் போகிறாள். பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நீட்டிக் கண்ணடிப்பார். பட்டது போதும் அவளுக்கு.

கதவில் ஒரு பலகை: பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்க வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும். அவள் படித்தாள். ஐந்தும் இரண்டும் ஏழு. ஏழு நிமிஷத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அவர் பனியனைக் கழற்றி, டவலைக் கட்டிக்கொண்டு, கையில் வாட்சோடு ஆண்கள் பக்கம் போனார்.

மேஜையில் ஒரே ஒரு பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அதையும் இவள் குறித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் இருக்க வேண்டாமா இங்கே?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னைக்கு நான் ஒருத்திதான் மேடம். இன்னொருத்தங்களைக் குளத்துப் பக்கம் அனுப்பிட்டாங்க. உங்களுக்கு ஏதாவது கொண்டு வரட்டுமா?"

இங்கேதான் அவள் புத்தி வேலை செய்தது. பாழாய்ப்போன புத்தி! பட்டியலில் இன்னொரு கட்டமும் இருந்தது: கேட்ட டீ ஐந்து நிமிஷத்தில் வருகிறதா? ஒரே நேரத்தில் இரண்டையும் முடித்துவிடலாமே.

"ஒரு கிரீன் டீ கிடைக்குமா?"

"இதோ மேடம்." பெண் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த சமையல் அறைக்கு ஓடினாள். மணி பத்து ஐம்பத்தெட்டு.

பதினொன்றுக்கு, ஒரு நொடி முன்பின் இல்லாமல், மேஜைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் ஏதும் இல்லை. விருந்தாளிகளின் அமைதி கெடக்கூடாதென்று ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள். இதுவும் ஒரு குறை. அவள் பேனா சுறுசுறுப்பாக ஓடியது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தாழ்வாரம் காலி. சட்டம் மீறியாயிற்று. மனசுக்குள் ஒரு குதூகலம் என்றே சொல்ல வேண்டும், பொய் சொல்வானேன்?

பதினொன்று நாலுக்குப் பெண் தட்டோடு வந்தாள். "மன்னிச்சுக்குங்க மேடம், தண்ணி கொதிக்க லேட்டாயிடுச்சு." விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. திரும்பினால் போதும், கண்ணில் படும். இன்ஸ்பெக்டரம்மாவின் கண் அங்கே போகத் துடித்தது. போனால் அந்தப் பெண்ணும் திரும்பிவிடுவாள், சோதனை கெட்டுவிடும். அதனால் அவள் அந்த வேறு நிறப் பொத்தானையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஏதாவது வேணுமா மேடம்?"

"ஒண்ணும் வேண்டாம்."

பெண் கோப்பையை நேராக்கினாள், ஸ்பூனை நேராக்கினாள், ஒரு புன்னகை செய்தாள். ஐந்து நிமிஷம் ஆனதும் விளக்கு தானாக அணைந்தது. அதற்குப் பிறகுதான் பெண் திரும்பினாள். மேஜைக்குக் கீழே உட்கார்ந்து டவல் மடிக்க ஆரம்பித்தாள்.

சரி, போதுமே. எழுந்து போய்க் கதவைத் தட்டி அவரை வெளியே வரச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் ஆகிவிட்டது உள்ளே போய். அவளுக்குத் தெரியும். ஆனால் ஐந்து என்று எழுதினால் ஹோட்டல்காரர்கள் ஏதாவது சப்பைக்கட்டு கட்டுவார்கள். ஆள் டீ எடுக்கப் போயிருந்தாள், டீ கேட்டதே உங்கள் ஆள்தான் என்பார்கள். பத்து என்று எழுதினால் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. அவர் நன்றாகத்தான் இருப்பார். நேற்று தொட்டியில் ஒரு மணி நேரம் கிடந்தவர்தானே?

பதினொன்று ஆறு. டீயை ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது. பதினொன்று ஏழு. ஆண்கள் பக்கத்துக் கதவு அசையவில்லை. இன்னும் மூன்றே நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொன்று எட்டுக்கு விளக்கு மறுபடி எரிந்தது.

அவளுக்கு வந்தது கோபம். சொன்னேனே! ஒரே தடவை என்று படித்துப் படித்துச் சொன்னேனே! இந்த மனுஷனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டில் அந்த வரியை அடிக்கப் போனாள்.

பேனா பாதியில் நின்றது.

ஏறாதா? அவருக்கா? முப்பத்தைந்து வருஷம், நட்டநடுக் காட்டில், ஒரு சிவப்பு விளக்குக்காக முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்திக் காத்திருந்த மனுஷன். ஒரு தடவை என்றால் ஒரு தடவைதான் அழுத்துவார். விளையாட்டுக்குக்கூட இரண்டாவது தடவை அழுத்த மாட்டார்.

பகீரென்றது.

"ஏய், பொண்ணே! ஓடி வா!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். டீக்கோப்பை உருண்டது. ஆண்கள் பக்கம் என்று எழுதியிருந்த கதவை இடித்துத் திறந்தாள். டவலோடு நின்ற யாரோ ஒருவர் "மேடம், மேடம்!" என்று பதறி ஒதுங்கினார். நீராவி அறைக் கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கை வைத்தாலே திறக்கிற கண்ணாடிக் கதவு. தள்ளினாள். முகத்தில் அனல் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலில் அவர் கால் இடறியது.

பொத்தானுக்குக் கீழே தரையில், சுவரோடு சரிந்து கிடந்தார். கை மட்டும் மேலே பொத்தானை நோக்கி நீண்டு, பெஞ்சு விளிம்பில் தொங்கியது.

"என்னங்க! என்னங்க, இங்கே பாருங்க!"

அந்தப் பெண்தான் கெட்டிக்காரி. அவர் கக்கத்தில் கை கொடுத்து வெளியே உடை மாற்றும் அறைக்கு இழுத்தாள், காலைத் தூக்கி டவல் அடுக்கின் மேல் வைத்தாள், ஈரத் துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள், போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓடி வந்தார், பையில் ஏதோ ஊசி தேடினார். ஊசி போட்டார். எத்தனை நிமிஷம் போயிற்று என்று அவள் பார்க்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் என்னவோ சொல்ல முயன்றார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார். "ரெண்டாவது தடவை அழுத்திட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

டாக்டர் நாடி பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும் என்றார். அதற்குள் மேனேஜர் வந்து சேர்ந்தார். அழுத்திய நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. பதினொன்று, பதினொன்று எட்டு. மேனேஜர் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் விளக்கு எரிஞ்சிருக்கு. கண்ணு எங்கே இருந்துச்சு உனக்கு?"

"டீ எடுக்கப் போயிருந்தேன் சார். நான் ஒருத்திதான்..."

"காரணம் சொல்லாதே. ஒரு உயிர் போயிருக்கும். நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

பெண் அழ ஆரம்பித்தாள். படுத்திருந்தவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"பொண்ணைத் திட்டாதீங்க சார். அது டீக்குப் போன நேரம் அப்படி அமைஞ்சுபோச்சு. யாரும் வேணும்னு பண்ணலை." மூச்சு வாங்கிக்கொண்டு, மனைவியின் கையை லேசாகத் தட்டினார். "இவ மட்டும் இங்கே இருந்திருந்தா, அந்த விளக்கைப் பார்த்த அடுத்த நொடி கதவை உடைச்சிட்டு வந்திருப்பா. பாவம், மசாஜுக்குப் போயிருந்தா."

பெருமையாகத்தான் சொன்னார். மேனேஜர்கூட மரியாதையாக அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சோபாவில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் மசாஜுக்குப் போகலைங்க," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "வெளியே சோபாவிலதான் இருந்தேன். இந்தப் பொண்ணுக்கு முதுகுப் பக்கம் விளக்கு. எனக்கு நேர் எதிரே."

படுத்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டாவது தடவை எரிஞ்சப்போ பார்த்தியா?"

"மொதல் தடவையே பார்த்தேன்."

"பதினொண்ணுக்கா?"

"பதினொண்ணுக்கு."

அவர் மனசுக்குள் கழித்துப் பார்ப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு கையை மெல்ல அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முப்பது வருஷத்தில் அவள் எத்தனையோ ஏசியிருக்கிறாள், அவர் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. அவள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, மேனேஜரும் அந்தப் பெண்ணும் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.