வெற்றுச் சதுரம்

முள்கம்பி வேலியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ரெஃபுகியோ, தன் வீட்டு வாசலுக்கு எதிரே யாரோ முளையடிப்பதைக் கண்டதும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கலிபோர்னியாவின் அந்த மொட்டைக் குன்றுகளில் டாரண்ட் துரையின் மாடுகளை வருஷக்கணக்காக மேய்ப்பவன் அவன். குன்றுக்கு அந்தப்புறம் முழுக்க எண்ணெய்க் கம்பெனி. இப்போது இந்தப்புறமும் வந்துவிட்டது.

"ஐயா, வீட்டுக்கு இவ்வளவு பக்கத்துல எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?"

"இருக்கு. ஆனா இங்கதான் வீடே இல்லையே" என்றார் கம்பெனி அதிகாரி ஹாலிஸ்.

தன் காரின் மேல் வரைபடத்தை விரித்துக் காட்டினார். குன்றுகளைச் சுற்றி வளைவு வளைவாகப் பழுப்புக் கோடுகள். கறுப்பு நிரப்பிய சதுரம் என்றால் வீடு. வெற்றுச் சதுரம் என்றால் தொழுவம். டாரண்டின் பங்களா கன்னங்கரேலென்று இருந்தது. ரெஃபுகியோவின் வீடு வெற்றுச் சதுரம்.

கையெல்லாம் மாவோடு அவன் மனைவி யூலாலியா வெளியே வந்தாள்.

"படம் வரைய வந்த அந்தக் கண்ணாடிக்காரன் எங்க மேசையிலதான உக்காந்து மூணு தட்டு பீன்ஸ் தின்னான்? தொழுவத்துல தின்னோம்னு நெனச்சானா?"

"அரசாங்கம் போட்ட படம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"தலையத் தூக்கிப் பாருங்க. கொடியில காயுதே, அது என்ன மாட்டோட பாவாடையா?"

ஹாலிஸ் தலையைத் தூக்கவில்லை. படத்தை மடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

ரெஃபுகியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி டாரண்டிடம் போய் நின்றான். தன் நிலத்தில் கிணறு தோண்டத் துரை எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். "பிடிக்கலேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார். இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் பதில்.

கிணறு வந்தது. கோடை முடிவதற்குள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. குழந்தை ஒஃபேலியா குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். ரெஃபுகியோ மறுபடியும் கம்பெனிக்கு நடந்தான்.

கம்பெனி சட்டத்தை மீறவில்லை. கிணற்றால் தண்ணீர் கெட்டால் கால்நடைக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டுமாம். லாரி ஒரு நீளத் தகரத் தொட்டியை வாசலில் இறக்கி நிரப்பியது. ரசீதில், 'தொழுவத்துக்கு' என்று எழுதியிருந்தது. யூலாலியா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். தண்ணீரை என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை ஒஃபேலியா கோப்பையோடு தொட்டிக்குப் போனாள். செவலைக் கன்று ஒன்று மூக்குவரை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

"தள்ளிக்கோடி" என்று அதன் முகத்தை ஒதுக்கிவிட்டு, அவள் மொண்டு குடித்தாள்.