இந்தப் போகம் என்ன போடலாம்

1

"உங்க பெரியப்பா காலேஜ்ல விவசாயம் சொல்லித் தர்றாரா, வியாபாரமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டாள். ரெண்டும் என்றேன்.

"அப்போ ரெண்டுமே செய்யத் தெரியாதுன்னு சொல்லு."

எனக்கு எந்தப் பதிலும் மறுநாள்தான் வரும், அதுவும் யாரும் பார்க்காத நோட்டில். இந்தக் கதை அப்படித்தான் தொடங்கியது.

2

முதல் வரி: வேளாண் வணிக மேலாண்மைத் துறையின் மூத்த பேராசிரியர், தன் நீண்ட, ஒளிமிக்க

(வேண்டாம். ஒளி எதையும் நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபின் பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறேன். நான் பார்ப்பது, மாலையில் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்கிற மனிதரை.)

இன்னொன்று: விளையும் முன்பே விலையைச் சொல்வது அவர் வேலை. எந்தப் பயிரை எத்தனை பேர் போடுவார்கள், கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அறுவடையின்போது சந்தை என்ன தரும். அவரிடம் படித்தவர்கள் வங்கிகளிலும் விதைக் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். அவர் களைத்துவிட்டார்.

இது இருக்கட்டும்.

3

போன வருஷம் பெரியப்பா தன் தம்பிக்கு, அதாவது என் அப்பாவுக்கு மட்டும் சொன்னார்: வெங்காயம் போடு. கணக்கு சரிதான். ஆனால் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கண்ணன் புரொபசர், அவரே சொல்லிட்டாரு" என்று அளந்துவிட்டார். சுற்றுவட்டாரமே வெங்காயம் போட்டது. விலை விழுந்தது.

* கணிப்பை எல்லாரும் நம்பினால் கணிப்பு பொய்த்துவிடும். இதை வருஷாவருஷம் முதல் வாரமே வகுப்பில் நடத்துவாராம். தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

4

இன்று அப்பா வந்தார்.

"இந்தப் போகம் என்ன போடலாம்ண்ணே? இதுவும் கவுந்தா நிலத்துக்காரர் குத்தகையை வேற ஆளுக்கு மாத்திடுவாரு."

"சொல்றேன். வெளிய மூச்சு விடக்கூடாது."

"கேப்பாங்களே?"

"அண்ணனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லு."

அப்பா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

"நிலமும் என்னுது இல்ல. பெருமையாச் சொல்லிக்க உன்னை விட்டா எனக்கு என்னண்ணே இருக்கு?"

"ஆயுசு பூரா இதைத்தான்டா செஞ்சேன். நம்ம வீட்டுக்கு ஒரு தடவையாவது பலிக்கட்டும். அதுக்கு நான் முட்டாளாகணும்னா ஆயிட்டுப் போறேன்."

பெரியம்மா டம்ளர்களை நங்கென்று வைத்தாள். "ஆறிடும். குடிச்சிட்டு அடிச்சுக்கங்க."

5

முடிவு ஒன்று: அப்பா ரகசியம் காக்கிறார். நிலம் கையில் நிற்கிறது. டீக்கடையில் பெரியப்பாவைக் கேலி செய்கிறார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து

(எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: முதல் டீ முடிவதற்குள் அப்பா உளறிவிடுகிறார். (இதை எழுதச் சுலபமாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை வாசலிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான்: பெரியப்பா குனிந்து, அப்பாவின் காதில் ஒரு பயிரின் பெயரைச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அப்பா அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.