சிவந்த கன்னம்

"கொட்டகைக்குள்ள போய் உக்காரு. இருமினே, சிரிச்சே, தொலைச்சுடுவேன்!"

அண்ணி பெஸ்யா கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஃப்ரூமாவைத் தள்ளினாள்.

"நான் எதுக்கு அண்ணி இருமப்போறேன்? டாக்டரே வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாரு!"

"டாக்டரா வந்து என் தங்கச்சி ரிவ்காவைக் கட்டிக்கப்போறாரு? உள்ள போடி!"

சமையலறையை ஒட்டிய கரிக் கொட்டகையில் ஒரு மூட்டைமேல் ஃப்ரூமா உட்கார்ந்தாள். டென்வர் நகருக்கு வெளியே இருந்த சானடோரியத்தில், அந்தக் காசநோய் மருத்துவமனையில், இரண்டு குளிர்காலம் திறந்த தாழ்வாரத்தில் படுத்துக் கிடந்து, பாலும் பச்சை முட்டையுமாக விழுங்கிப் பிழைத்து வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. டிராம் மணியடித்தால் சிரிப்பு. ஊறுகாய்ப் பீப்பாயைப் பார்த்தால் சிரிப்பு. வீட்டில் தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்தபோதுதான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கியது.

அந்தத் தெரு யூதர்களில் பாதிப் பேர் நெஞ்சுச் சீக்குக்காகவே இந்த ஊர்க் காற்றைத் தேடி வந்தவர்கள். ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால், எந்த வீட்டிலும் எவரும் இருமியதே இல்லை.

பலகைச் சுவருக்கு அப்பால், ரிவ்காவைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் ஹென்யாவின் குரல் கேட்டது.

"மறைக்காம சொல்லுங்க. குடும்பத்துல யாருக்காச்சும் நெஞ்சுச் சீக்கு..?"

"ஐயையோ! எங்க வீட்டுல தும்மல்கூடக் கிடையாதுங்க!"

ஃப்ரூமாவால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வெடித்தது. கீழே மூட்டை சரிய, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு, மூக்கில் கரியோடு சமையலறையில் வந்து விழுந்தாள்.

ஹென்யா எழுந்தே விட்டாள்.

"அடி என் கண்ணு! பொண்ணை இங்கயா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? கன்னத்தைப் பாரு, ஆப்பிளு! அந்த ரிவ்கா ஊதினா பறந்துடுவா போல இருக்கா. எனக்கு இவதான் வேணும்!" கன்னத்தைக் கிள்ளினாள். "என்னடி சாப்பிடுறே?"

"பாலும் முட்டையும்தாங்க. சானடோரியத்துல குடுத்தாங்க."

ஹென்யாவின் கை அடுப்பில் பட்டதுபோலத் துள்ளியது. பாவாடையில் விரலைத் தேய்த்துக்கொண்டே மகனை வாசலுக்கு இழுத்தாள். அவன் வாயில் தேன் கேக் இன்னும் இருந்தது.

பெஸ்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ரிவ்கா மட்டும் மேசையில் கவிழ்ந்து குலுங்கினாள்.

"அழுவுறியாடி?"

"இல்லக்கா! அவன் டீ உறிஞ்சின சத்தத்துல எனக்கே பயமாயிருந்துச்சு. தப்பிச்சேன்!"

ரிவ்காவும் ஃப்ரூமாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தார்கள். சண்டை போலிருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு ஹென்யா தனியாகத் திரும்பி வந்தாள். ஃப்ரூமாவின் காதோரம் குனிந்தாள்.

"அந்தச் சானடோரியத்துல இடம் வாங்க... யாரைப் பாக்கணும்? என் மூத்தவன் நியூயார்க்குல ரத்தமாத் துப்புறான். யாருக்கும் தெரியாது."

ஃப்ரூமாவின் சிரிப்பு நின்றது. துணியில்லாத வெறுங்கையால் அந்தம்மாவின் விரல்களைப் பிடித்தாள்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன், அத்தை. ஆனா கிசுகிசுத்தா அங்க யாருக்கும் காது கேக்காது. வாய் விட்டுச் சொல்லிப் பழகிக்கங்க."

ஹென்யா வாசலைப் பார்த்தாள். தெருவே நின்றுகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினாள்.

"என் மூத்த மகனுக்கு நெஞ்சுச் சீக்கு!" என்றாள் உரக்க.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர்.