உத்திரத்து வளையம்

கண்ணாத்தாள் குழந்தைத் துணிகளைக் கிணற்றடியில் அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, வீட்டு நடுக்கூடமான ஆசாரத்தில் தொட்டிலைக் காணவில்லை. தொட்டில் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே ஒரு பெஞ்சு கிடந்தது. அதன் மேல் காக்கி நிஜார் போட்ட ஓர் ஆள் ஏறி நின்று, உத்திரத்து வளையத்தில் பானை போல உருண்ட இரும்புச் சாமான் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். குழந்தையின் மெத்தை விரிப்பில், குழந்தை படுக்க வேண்டிய இடத்தில், மூன்று நீளமான தகட்டு இறக்கைகள் பத்திரமாகப் படுத்திருந்தன. மாமனார் சின்னண்ணக் கவுண்டர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"புள்ளை எங்கீங்க மாமா?"

அவர் திரும்பவில்லை. "உள்ற கெடக்குது, போய்ப் பாரு" என்றார்.

உள்ளே என்றால் கடலைக்காய் மூட்டை அடுக்கியிருக்கும் அறை. சன்னல் கிடையாது. மச்சுக்குப் போகும் ஏணியின் படியில் தொட்டில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நாலு மாதக் குழந்தை காளியாத்தாளை அதில் போட்டிருந்தார்கள். சித்திரை வெயில். குழந்தையின் கழுத்திலும் நெற்றியிலும் வேர்க்குரு ஏற்கெனவே சிவந்து கிடந்தது. இப்போது முகம் முழுக்க வியர்வையும் கடலைத் தூசுமாக அது விழித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியது. கண்ணாத்தாள் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்குக்கூட அந்த வளையத்தைத் தெரியும். சின்னண்ணக் கவுண்டரின் அப்பா சங்ககிரிப் பக்கத்தில் இந்த வீட்டைக் கட்டும்போதே, ஆசாரத்து நடு உத்திரத்தில் முடுக்கி வைத்த இரும்பு வளையம் அது. கிழக்கே சன்னல், மேற்கே வாசல்; காற்று வந்தால் அந்த வளையத்துக்குக் கீழேதான் வரும். சின்னண்ணன் அதில் ஆடினார், அவர் தம்பிகள் ஆடினார்கள், அவர் மகன் அப்புசாமி ஆடினான். அப்புசாமிக்குப் பிறந்த முதல் குழந்தை காளி. கண்ணாத்தாள் பிரசவம் முடிந்து புருஷன் வீடு வந்தபோது, அவள் தாய்வீட்டார் தாம்பாளத் தட்டு வரிசையோடு தொட்டிலைச் சீராகக் கொண்டுவந்து, பெரியவர்கள் முன்னால் அந்த வளையத்தில்தான் கட்டிவிட்டுப் போனார்கள். அதைத்தான் இன்று கேட்காமல் கொள்ளாமல் அவிழ்த்துவிட்டார்கள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஆசாரத்துக்கு வந்தாள். "இதென்னதுங்க மாமா?"

"கரண்டுக் காத்தாடி. சேலத்துல இருந்து வந்திருக்குது" என்றார் பெருமையாக.

"நம்மூருக்குக் கரண்டே வரலீங்களே."

"வரும். மேட்டூர்ல இருந்து கம்பி இழுத்துட்டு வாராங்க. அடுத்த வாரம் எஞ்சினீரு பார்வைக்கு வாராரு. எந்த ஊட்டுல சாமான் தயாரா மாட்டியிருக்குதோ அந்த ஊட்டுக்குத்தான் மொதக் கம்பி. நாச்சிமுத்து ஊட்டுல வௌக்கு எரியறதுக்கு முந்தி நம்மூட்டுல காத்தாடி சுத்தோணும்."

நாச்சிமுத்து எதிர்வீட்டுப் பங்காளி. அவர் மாடி எடுத்தால் இவருக்குத் தூக்கம் போய்விடும். இவர் வண்டி மாடு மாற்றினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு பெரிய மனிதர்களின் இந்த வீம்புக்கு நடுவில் நாலு மாதக் குழந்தை ஒன்று என்ன பாவம் செய்தது என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

பெஞ்சில் நின்ற ஃபிட்டர் மணியனுக்காவது இருந்தது. அவன் குழந்தையைப் பார்த்தான், ஏணிப்பக்கம் பார்த்தான். "ஏனுங்க, தொட்டில் இருந்த எடமா இது? அப்படீன்னா நானு பக்கத்துலயே இன்னொரு கொக்கி போட்டுக் குடுத்தர்றனுங்களே. மரம் நல்ல வைரம் பாஞ்ச மரம், தாங்கும்" என்றான்.

"பூசை போட்டு ஏத்துன உத்திரம். அதுல புதுசா இரும்பு எறக்குனா ஊட்டு ஆம்பளைங்களுக்கு ஆகாது. நீ இருக்கற வளையத்துல மாட்டு" என்றார் சின்னண்ணன்.

"புள்ளைக்கு எடம் வேணுமில்லீங்களா மாமா" என்றாள் கண்ணாத்தாள்.

"பொட்டப்புள்ளைக்கு எங்க கட்டுனா என்ன அம்மிணி? வளர்ற புள்ளை எங்கயும் வளரும்."

சொல்லிவிட்டு அவர் மறுபடி அண்ணாந்துகொண்டார். அடிப்பதுபோல் சொல்லியிருந்தாலாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஆண்குழந்தையாக இருந்தால் அந்த வளையத்தின் பக்கம் இந்த மணியனை விட்டிருப்பாரா? ஒரு நாளும் விட்டிருக்க மாட்டார். அந்த எண்ணம்தான் கண்ணாத்தாளின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது.

சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்த புருஷனிடம் சொன்னாள். அப்புசாமி நல்லவன்தான், அப்பா இருக்கும் இடத்தில் மட்டும் அவனுக்கு முதுகெலும்பு இருக்காது. "எஞ்சினீரு வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்க" என்றான்.

"பொறுத்துக்க வேண்டியது நானா, இந்தப் புள்ளையா?" என்று குழந்தையைக் காட்டினாள். அவன் கால் கழுவப் போய்விட்டான்.

மாமியார் ராமாயியிடம் போனாள். ராமாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆம்பளைங்க வீம்புல நாம தலையக் குடுக்கக் கூடாது கண்ணு" என்று சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விசிறி சுற்றவில்லை. எப்படிச் சுற்றும்? ஆனாலும் ஊர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. தூசி படியக் கூடாதென்று அதற்கு வெள்ளை வேட்டி சுற்றினார்கள். சின்னண்ணக் கவுண்டர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்கு நேர் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டார். சுற்றாத விசிறிக்கு வீட்டிலேயே நல்ல இடம். தூங்க வேண்டிய குழந்தைக்கு மூட்டை அறை. மச்சுக்கு யாராவது ஏறும்போதெல்லாம் ஏணி குலுங்கி, குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதது. அழுகைச் சத்தம் கேட்டால், "புள்ளைய அமத்து" என்று ஆசாரத்திலிருந்து குரல் வந்தது.

எஞ்சினீர் வந்த நாள் காலையில் வாசல் கூட்டிக் கோலம் போட்டு, விசிறியின் வேட்டியை அவிழ்த்தார்கள். எஞ்சினீர் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாச்சிமுத்துவும் வந்து மூலையில் நின்றார். பங்காளி வீட்டு விசேஷத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. சின்னண்ணன் மோரைத் தன் கையாலேயே கொடுத்தார்.

கண்ணாத்தாள் சமையல்கட்டில் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டது. பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் இல்லை. தாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாதா? ஓடினாள். கடலை மூட்டைக்கு வந்த கட்டெறும்பு ஏணி வழியாக ஏறி, கயிறு வழியாக இறங்கி, தொட்டிலுக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் தொடையில், கையில், காது மடலில் எறும்பு. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். பிய்த்த இடமெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. அவளுக்கு அழுகை வரும் கட்டம் தாண்டிப் போய்விட்டது.

தொட்டிலை அவிழ்த்தாள். துணியை உதறினாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தொட்டிலும் கயிறுமாக நேரே ஆசாரத்துக்குள் நடந்தாள். அந்த வீட்டு மருமகள் விருந்தாளியாக ஆண்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த நிலைப்படியைத் தாண்டியதே கிடையாது.

"இதைப் புடிங்க மாமா" என்று குழந்தையை மாமனார் கையில் வைத்தாள். கையில் மோர்ச் சொம்போடு அவர் திணறிப்போய் வாங்கிக்கொண்டார். அவள் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். விசிறித் தண்டுக்குப் பக்கத்திலேயே வளையத்துக்குள் கயிற்றைக் கொடுத்து வாங்கி, இரண்டு இறக்கைக்கு நடுவே கீழே விட்டு, இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். இறங்கி வந்து குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். தொட்டில் ஆட, கயிறு இறக்கையில் பட்டது. அந்த வீட்டு மின்சார விசிறி முதன்முதலாக அசைந்தது அப்போதுதான்.

நாச்சிமுத்து மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எஞ்சினீர் குழந்தையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

"இது என்ற புள்ளை தூங்கற எடமுங்க. காத்தாடி வந்துதான் எடத்தைப் புடிச்சுக்கிச்சு. அதை மாட்டி வெச்சிருந்தாத்தான் நீங்க கம்பி குடுப்பீங்கன்னு எறும்பு மொய்க்கற எடத்துல புள்ளையப் போட்டிருக்கறோமுங்க. பாருங்க" என்று தடித்துப்போன தொடையைக் காட்டினாள்.

எஞ்சினீருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்படி யார் சொன்னது? கம்பம் எந்தப் பக்கமாக வருகிறதோ அந்த வரிசையில்தான் கரண்ட். ஃபேன் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று ஒன்றும் கிடையாது. இந்த ஊருக்கு வரவே இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும் கவுண்டரே" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பலகாரம் அப்படியே இருந்தது.

அவரும் நாச்சிமுத்துவும் வாசல் தாண்டும் வரை சின்னண்ணன் பொறுத்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து வெடித்தார். "அவுருடா அந்தத் தொட்டிலை! நாலு பேரு மத்தியில மானத்தை வாங்கிப்போட்டாளே!"

அப்புசாமி பெஞ்சைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கண்ணாத்தாள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சமையல்கட்டு நிலைப்படியிலிருந்து ராமாயி வந்தாள். வந்து தொட்டிலுக்கு மறுபக்கம் நின்றாள். "தூங்கற புள்ளையத் தொடாதீங்க" என்றாள்.

"நீயுமா?"

"ஆமாங்க. அப்புசாமிக்கு முந்தி நானும் ரண்டு பொட்டப்புள்ளை பெத்தேன். ரண்டையும் அந்த மூட்டைகிட்டத்தான் போட்டீங்க. வளையத்துல எது தொங்கிட்டு இருந்துச்சு அப்ப? ஒண்ணுமில்லை. சும்மாத்தான் கெடந்துச்சு. ஆணுக்குன்னு வெச்சிருக்கறோம்னு உங்க ஆத்தா சொன்னாங்க. நான் வாயத் தொறக்கலை. அதை நெனைச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்லை." மகன் பக்கம் திரும்பினாள். "அவுக்கறதுன்னா அந்தக் காத்தாடிய அவுரு சாமி."

அப்புசாமி அன்றைக்குத்தான் முதன்முதலாக அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு வேலை செய்தான். பெஞ்சில் ஏறி விசிறியைக் கழற்றினான். அது சாக்கில் சுற்றி மச்சுக்குப் போனது.

கரண்ட் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் காளி ஓடியாடி வாயாடும் வயசுக்கு வந்துவிட்டாள். வளையத்துத் தொட்டிலில் அவளுடைய தம்பி படுத்திருந்தான், பிறந்து சில மாதங்களே ஆன ஆண்பிள்ளை. எதிர்வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே நாளில் கம்பி வந்தது. சின்னண்ணக் கவுண்டர் சாக்கைப் பிரித்து விசிறியைத் துடைத்து எடுத்தார். யாரும் சொல்லாமலே ஆசாரி மாதையனைக் கூப்பிட்டு, நடு உத்திரத்தில் வளையத்துக்குச் சற்றுத் தள்ளிப் புதுக் கொக்கி போடச் சொன்னார்.

கண்ணாத்தாள் கேட்டாள். "பூசை போட்ட உத்திரத்துல இரும்பு எறக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே மாமா?"

"அதுக்கு என்ன பண்றது அம்மிணி? பேரன் படுத்திருக்கற தொட்டிலைப் போயி அவுக்க முடியுமா?" என்றார் சின்னண்ணன். அதையும் அன்று போலவே, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

மாதையன் துளை போட்டுக் கொக்கியை முடுக்கி முடித்தபோது, வாயில் போட்ட வெற்றிலையைக்கூட அவன் துப்பியிருக்கவில்லை. அவ்வளவுதான் வேலை. உத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஆண்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சின்ன வேலையைச் செய்ய மனமில்லாமல்தான் ஒரு பச்சைக் குழந்தையை எறும்புக்குக் கொடுத்தார்களா? அன்று எறும்பைப் பிய்த்தபோது வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் கண்ணாத்தாளுக்கு இப்போதுதான் வந்தது.

ஃபிட்டர் மணியன் விசிறியை மாட்டி, கம்பி இணைத்து, சுவரில் சுவிட்சு வைத்தான். ஊர் கூடிவிட்டது. சின்னண்ணன் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். "பேரனைத் தூக்கிட்டு வா. அவன் கையால போட்டாத்தான் ராசி" என்றார்.

கண்ணாத்தாள் தொட்டில் பக்கம் போகவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவள் விரலை எடுத்து அதன் மேல் வைத்தாள். சின்னண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் காளி சுவிட்சைத் தட்டிவிட்டாள். விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"இந்த ஊட்டுக்கு மூத்தது இவதானுங்க மாமா" என்றாள் கண்ணாத்தாள்.